பல் படாத உறை

பிளாஸ்திரியைக் கையில் கொடுத்துவிட்டு இரண்டடி பின்வாங்கி, கைகளைக் கட்டிக்கொண்டு, நம் வாயையே பார்த்தபடி நிற்கிறார் அக்கா. ரத்தம் விரலிலிருந்து மணிக்கட்டுக்கு இறங்குகிறது. அதைப் பற்றி அவருக்குப் பெரிதாகக் கவலை இருப்பதாகத் தெரியவில்லை. அன்று என் இடது ஆள்காட்டி விரலை ஒரு தகர டப்பாவின் மூடி பதம் பார்த்திருந்தது. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, "அக்கா, ஒரு பிளாஸ்திரி குடுங்களேன்" என்று கேட்டவனுக்குக் கிடைத்தது ஒரு பரீட்சை. உறையின் ஓரத்தை வலது கட்டைவிரலால் நெம்பினேன். வரவில்லை. இடுப்போடு வைத்து அழுத்திப் பார்த்தேன். சட்டை பாழானதுதான் மிச்சம். கடைசியில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். மூலையை வாயில் வைத்துக் கடித்து இழுத்தேன்.

"பல்லு!" என்றார் அக்கா, கண்ணாமூச்சியில் ஆளைப் பிடித்துவிட்ட சிறுமி மாதிரி.

அதற்குப் பிறகுதான் கிட்டே வந்து என் விரலைக் கழுவி, வேறு ஒரு பிளாஸ்திரி எடுத்து ஒட்டிவிட்டார். நான் அரும்பாடுபட்டுத் திறந்தது குப்பைக்குப் போனது. "அதுல உங்க எச்சில் இருக்கு தம்பி. ஒரு கிருமிகூட இருக்கக் கூடாதுன்னு அங்க நாங்க தலைகீழா நின்னு பண்ணி அனுப்பறோம். நீங்க ஒரு நொடியில வாயில வெச்சுடறீங்க." சொல்லிக்கொண்டே ஒரு குறிப்பேட்டை எடுத்து, என் வயதையும் அடிபட்ட கையையும் எழுதி, அதற்கு எதிரே 'பல்' என்று போட்டுக்கொண்டார். நான் நானூற்றுப் பன்னிரண்டாவது பல் என்பது அப்புறம் தெரிந்தது.

தொழிற்சாலையில் அவரைப் பல்லக்கா என்கிறார்கள். புதிதாகச் சேர்கிறவர்கள் பல்லக்குக்கும் இந்த ஒல்லி உருவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று குழம்புவார்களாம். பல் மருத்துவர் என்று நம்பி, ஒரு லாரி ஓட்டுநர் அவர் மேஜைக்கே வந்து கடைவாயைத் திறந்து காட்டியதும் உண்டு. நன்றாகப் பார்த்துவிட்டு, "சொத்தைதான், சீக்கிரம் போய்ப் பிடுங்கிக்கோங்க. அதுவரைக்கும் அந்தப் பக்கத்தால எதையும் கடிச்சுப் பிரிக்காதீங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் பழக்கம் அவருக்கு இல்லை.

அந்தத் தொழிற்சாலையில் பிளாஸ்திரி செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அதை மூடியிருக்கும் காகித உறை மட்டும்தான் இவருடையது. இருபத்திரண்டு வருடமாக அந்த ஒரு விரல் நீளக் காகிதம்தான் உலகம். அதில் என்ன இருக்கிறது என்று நம்மைப் போன்றவர்கள் கேட்டுவிட்டால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். "எல்லாப் பொட்டலத்தையும் ரெண்டு கையால தொறக்கறோம். இது ஒண்ணை மட்டும் ஒரு கையாலதான் தொறக்கணும். ஏன்னா இன்னொரு கைலதான் அடிபட்டிருக்கு. முதமுதல்ல இதைப் பண்ணினவனுக்கு இது தோணவே இல்ல பாருங்க." இத்தனை வயதில் நமக்கும் தோன்றவில்லையே என்று கேட்கிறவருக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும்.

அவர் வீட்டுச் சமையலறைக்குள் திடீரென்று நுழைந்தால் பயந்துவிடுவோம். வெயில் கொளுத்தும் நேரத்தில் தடித்த கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு பால் பாக்கெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். இன்னொரு நாள் கையெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு பற்பசை மூடியைத் திருகிக்கொண்டிருப்பார். நகத்தை ஒட்ட வெட்டிவிடுவார். நகம் வைத்திருப்பவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்பது அவர் கட்சி. அலமாரியில் ஒரு காலணிப் பெட்டி இருக்கிறது. அதில் ஆட்கள் திறந்துபோட்ட உறைகள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. கட்டுகளுக்குப் பெயர் உண்டு: பல், கத்தி, கத்தரிக்கோல், சாவி. 'இதர' என்று ஒரு கட்டு. அதில் ஒருவர் மேஜை விசிறிக்குள் ஓரத்தைக் காட்டித் திறக்கப் பார்த்த உறை இருக்கிறது. அந்த ஆளுக்கு அப்புறம் இரண்டு பிளாஸ்திரி தேவைப்பட்டதாம்.

வெளியிடங்களுக்கு அவரோடு போவது தர்மசங்கடம். மருத்துவமனை வரிசையில் எல்லோரும் டோக்கன் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவர் குப்பைக் கூடையைப் பார்த்துக்கொண்டிருப்பார். குனிந்து ஒரு உறையை எடுத்து, நிமிர்த்தி, வெளிச்சத்தில் பிடித்து ஜாதகம் சொல்லிவிடுவார். "முன்பல்லு சின்னது, பள்ளிக்கூடம் போற வயசு. இது பாருங்க, மொதல்ல மேல் பக்கம் கிழிச்சிருக்காங்க, வரல, அப்புறம் கீழ் பக்கம், அதுவும் வரல, அதுக்கப்புறம் நடுவுல. பாவம், நல்லாக் கோவம் வந்திருக்கும்." பக்கத்தில் நிற்கிறவர்கள் நம்மையும் சேர்த்து ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அவருக்கு அது உறைக்காது. எனக்கு உறைக்கும்.

வீட்டுக்காரரும் அதே தொழிற்சாலைதான், சோதனைக் கூடம். உறையின் ஒட்டு விட்டுவிடக் கூடாது என்பது அவருடைய உத்தியோகம். உறையிலிருந்து ஒரு துண்டு வெட்டி, இயந்திரத்தின் இரண்டு பிடிகளுக்கு நடுவே கோணாமல் மாட்டி, இழுக்கவிட்டு, எவ்வளவு விசைக்கு ஒட்டு விடுகிறது என்று பார்ப்பார். இன்னும் சில உறைகளை நீலச் சாயத் தண்ணீரில் ஊறவைப்பார். ஓரத்தில் மயிரிழை அளவு நீலம் உள்ளே இறங்கியிருந்தாலும் அந்தக் கட்டு முழுவதும் திரும்பிப் போகவேண்டியதுதான். அவருக்குத் தொழிற்சாலையில் வைத்திருக்கும் பெயர் பூட்டு. அவர் சிரித்துப் பார்த்தவர் அங்கே ஒருவரும் இல்லை. வாய்க்கும் சேர்த்துச் சீல் வைத்துவிட்டார் என்று பேசிக்கொள்வார்கள்.

"மூணு தடவை என் உறையைத் திருப்பி அனுப்பினாரு. நாலாவது தடவை நேர்லயே போய்ச் சண்டை போட்டேன். வினை அங்கதான் ஆரம்பிச்சுது" என்பார் அக்கா தன் கல்யாணக் கதையை. "நான் தொறக்க வழி தேடறேன், இவரு தொறக்காம இருக்க வழி தேடறாரு. இந்தக் குடும்பம் விளங்குமா, நீங்களே சொல்லுங்க." பூட்டு செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "தானாத் தொறந்துக்கிட்டா அது உறை இல்ல, ஜன்னல்" என்பார். ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்பார்கள். இங்கே பதினெட்டு வருடமாக இருக்கின்றன. உறைதான் அடிக்கடி மாறுகிறது.

இனி எழுதப்போவது அவர்கள் இருவரும் எழுதலாம் என்று சொன்ன விஷயம். அக்கா உடனே தலையாட்டினார். பூட்டு மூன்று நாள் யோசித்து, ஒரு பிழையைத் திருத்திக் கொடுத்து, அப்புறம் அனுமதித்தார்.

போன வருடத் தொடக்கத்தில் ஒரு காலை, குளியலறைக் குப்பைக் கூடையைக் காலி செய்யப்போன அக்கா அதில் ஒரு பிளாஸ்திரி உறையைப் பார்த்திருக்கிறார். நாலாக மடித்துப் போட்டிருந்தது. மற்றவர்கள் என்றால் அப்படியே கொட்டியிருப்பார்கள். இவர் பிரித்தார். மூலையில் பல் தடம். மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. வீட்டில் இருப்பவர்கள் இரண்டே பேர், அதில் அந்தச் சந்து யாருடையது என்று அவருக்குத் தெரியாதா?

"பிஸ்கட் பாக்கெட்டைக்கூட பல்லால தொறக்காத மனுஷன் தம்பி. கத்தரிக்கோல் கிடைக்கலைன்னா பட்டினி கிடப்பாரே தவிர வாயில வெக்க மாட்டாரு. அவரு பல்லு அதுல எப்படி வந்துச்சு?"

அன்றிலிருந்து ஊரார் கைகளைப் பார்த்த கண் வீட்டுக்குள் திரும்பியது. சவரம் செய்யும்போது முன்பு மாதத்துக்கு ஒருமுறை வெட்டிக்கொண்டவர் இப்போது வாரத்துக்கு இரண்டு முறை வெட்டிக்கொண்டார். காபிக் கோப்பை வலது கையிலிருந்து இடது கைக்கு மாறியிருந்தது. சட்டைப் பித்தான் போட முதுகைத் திருப்பிக்கொண்டார். செய்தித்தாள் படிக்கும்போது வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். வெளியே வைத்தால் அது தன் பாட்டுக்கு ஆடியது. தனியாக மருத்துவரிடம் போய் வந்திருக்கிறார், மாத்திரையைச் சட்டைப் பையில் ஒளித்து வைத்து விழுங்குகிறார் என்பதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது. கோணாமல் துண்டு மாட்டத்தான் அவரை அங்கே வைத்திருக்கிறார்கள். கை ஆடினால் துண்டு கோணும், அளவு பொய் சொல்லும். அந்த மனிதருக்கு அந்த அளவைவிடப் பெரிய மானம் வேறில்லை.

"கேட்டுட வேண்டியதுதானே அக்கா?" என்றேன்.

"கேட்டா அவரு உடைஞ்சு போயிடுவாரு. கேக்காம இருந்தா நான் உடைஞ்சு போயிடுவேன். என்ன பண்றது? எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதானே. உறை பண்ண உக்காந்தேன்."

இதைச் சொன்னபோது அவர் குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. சிலர் அன்பைச் சொல்ல வாய் திறப்பார்கள், சிலர் கடைக்குப் போய் ஏதாவது வாங்கி வருவார்கள். ஒரு தொழிற்சாலையின் உறையையே மாற்றக் கிளம்பியவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

அவர் செய்த புது உறைக்கு அவரே வைத்த பெயர் 'உதடு'. பழைய உறையில் மேல் தாளும் கீழ்த் தாளும் ஓரத்தில் ஒரே அளவாக முடியும். இரண்டும் ஒன்றோடொன்று படிந்துகொண்டு, விரலுக்குப் பிடி தராது. புதியதில் கீழ்த் தாள் கொஞ்சம் நீளம். கோபித்துக்கொண்ட குழந்தையின் கீழுதடு மாதிரி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதை மேஜை விளிம்பிலோ தொடையிலோ சின்ன விரலால் அழுத்திக்கொண்டு, அதே கையின் கட்டைவிரலால் மேல் தாளைத் தள்ளினால் போதும், வந்துவிடும். மற்றக் கை தேவையில்லை. வாய் தேவையே இல்லை.

சோதனைக்குப் போனது. பூட்டு நிராகரித்தார். உதட்டுக்குப் பக்கத்தில் நீலம் இறங்கியிருந்தது. அக்கா ஒட்டை அகலமாக்கி மறுபடி அனுப்பினார். இப்போது நீலம் இறங்கவில்லை, ஆனால் இழுக்க அதிக விசை வேண்டியிருந்தது என்று அக்காவே திரும்ப வாங்கிக்கொண்டார். மூன்றாவது தடவை ஒட்டின் முனையை அம்பு நுனி மாதிரிக் கூராக்கினார். கட்டைவிரல் முதலில் அந்த நுனியை மட்டும் விடுவித்தால் போதும், மீதி தானே பின்னால் வரும். மறுபடி நிராகரிப்பு. ஒரு உறையில், ஒரே ஒரு உறையில், ஒரு நீலப் புள்ளி. "யாருக்காகப் பண்றேனோ அந்த மனுஷனே வேண்டாம்னு திருப்பி அனுப்பறாரு. சொல்லவும் முடியல, மெல்லவும் முடியல" என்று என் வீட்டு வாசலில் நின்று சிரித்தார். நான்காவது தடவை தேறியது. நாலாவது தடவைதான் இவர்களுக்கு எப்போதும் ராசி.

மிச்சமிருந்தது ஆட்களை வைத்துப் பார்க்கும் சோதனை. வெளியிலிருந்து முப்பது பேரைக் கூப்பிட்டு, ஒரு கையைத் துணியால் கட்டிவிட்டு, உறையைக் கொடுப்பார்கள். மூன்று பேருக்கு மேல் பல்லைப் பயன்படுத்தினால் புது உறை கிடையாது என்பது நிர்வாகத்தின் முடிவு. அப்படியானால் பழைய உறைக்கே புது இயந்திரம் வாங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு உறையைப் பற்றி யாரும் பேச்செடுக்க முடியாது. பூட்டின் கை பத்து வருடம் காத்திருக்காது.

"மூணா? ஒண்ணுகூட இருக்காது, பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் அக்கா.

பதினொன்று.

அன்று மாலை என் வீட்டுக்கு வந்து, அந்தப் பதினொரு உறைகளையும் என் மேஜையில் வரிசையாகப் பரப்பிவிட்டு, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தார். பல்லக்கா பேசாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல், எழுத்தைப் பிழைப்பாகக் கொண்டவன் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தேன். உறையில் இருந்ததைப் படித்தேன்.

"அக்கா, இதைக் கிழிக்கணுமா?"

"கிழிக்கவே கூடாது. கிழிச்சா வராது. தாள் அந்த மாதிரித் தாள். ரெண்டையும் தனித்தனியா எடுக்கணும்."

"பின்ன ஏன் 'இங்கே கிழிக்கவும்'னு போட்டிருக்கு?"

அவர் உறையை வாங்கிப் பார்த்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். "அது எப்பவும் அப்படித்தான் இருக்கும்" என்றார் மெதுவாக.

எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது. பழைய உறையில் இருந்த எழுத்தை அச்சகத்தார் அப்படியே புதியதிலும் போட்டிருக்கிறார்கள், இவரும் பார்த்துக் கையெழுத்து வைத்திருக்கிறார். இருபத்திரண்டு வருடமாக உறை செய்கிறவர், "அவசரத்துல யாரு தம்பி படிக்கறாங்க? கைதான் தேடும்" என்று எனக்கே நூறு தடவை பாடம் எடுத்தவர். பதினொரு பேர் ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள். படித்தபடி கிழிக்கப் பார்த்திருக்கிறார்கள். கிழியாத தாளைக் கிழிக்கப் போனால் பல்லைத் தவிர யார் துணைக்கு வருவார்கள்? உறையில் ஒரு குற்றமும் இல்லை, ஒரு சொல் கெடுத்திருக்கிறது. எழுத்துக்கு இன்னும் மரியாதை இருக்கிறதென்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை வந்ததை மறைப்பானேன்.

அக்கா அழவில்லை. தலையில் ஒரு குட்டு வைத்துக்கொண்டார், தன் தலையில்தான். "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்றார். பிறகு எழுந்து, "நீங்க எழுதறவருதானே, நல்ல சொல்லா ஒண்ணு குடுங்க" என்றார். நிர்வாகத்திடம் கேட்டு இன்னொரு சோதனைக்கு ஒரு மாத அவகாசம் வாங்கிவிட்டார்.

நான் கொடுத்த சொற்கள் ஒன்றும் தேறவில்லை. 'திறக்கவும்' என்று ஒட்டிப் பார்த்தோம். எங்கள் குடியிருப்பில் மாடி வீட்டுத் தபால்காரர் அதைப் படித்துவிட்டு, "சரி, எப்படி?" என்று எங்களையே கேட்டார். 'இழுக்கவும்' என்றதற்கு ஒரு முனையைக் காலுக்கடியில் மிதித்துக்கொண்டு மறு முனையைக் கையால் இழுத்தார். நான் மிகவும் நம்பியிருந்தது 'பிரிக்கவும்'. அதைப் படித்தவர், கல்யாணப் பரிசைப் பிரிப்பவர்போல உறையை முன்னும் பின்னும் திருப்பி, எங்கே மடித்திருக்கிறது என்று தேட ஆரம்பித்தார். "தமிழ்ல சொல்லுக்கா பஞ்சம்னு சொல்லுவீங்களே, இப்ப எங்க போச்சு உங்க தமிழ்?" என்று அக்கா என்னை வாரினார். ஆனாலும் விடவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, என் கதவு இடிபட்டது. திறந்தால் அக்கா, கையில் ஒரு வாழைப்பழத் தோல்.

"உரி!" என்றார். "உரி தம்பி, உரி!"

யாரையோ தோலை உரிக்கப்போகிறார் என்று நினைத்து நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார். காலை உணவு மேஜையில் பூட்டு வாழைப்பழம் எடுத்திருக்கிறார், வலது கையால். கை ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஆனால் காம்புக்குக் கீழே கட்டைவிரல் அழுந்தி, தோலைத் தள்ள ஆரம்பித்ததும் ஆட்டம் நின்றுவிட்டது. தோல் மூன்று இதழாக, சீராக இறங்கியது. "எந்த அசைவு என் உறைக்கு வேணுமோ, அச்சு அசலா அதே அசைவு. கட்டைவிரலால தள்ளி, பின்னால மடக்கி. அதுக்குத் தமிழ்ல ஒரே ஒரு சொல்லுதான். நீங்க ரெண்டு வாரமாக் குடுக்கல, ஒரு வாழைப்பழம் குடுத்துச்சு." தபால்காரரைக் கூப்பிட்டு 'உரிக்கவும்' என்று எழுதி ஒட்டிய உறையைக் கொடுத்தோம். ஒன்றும் கேட்காமல் உரித்தார். உரித்துவிட்டு, "இதுல என்ன பரீட்சை?" என்றார்.

பிரச்சினை தொழிற்சாலையில் வந்தது. விற்பனை மேலாளருக்கு அந்தச் சொல்லே ஆகவில்லை. அன்று கூட்டத்தில் நடந்ததை அக்கா எனக்கு நடித்தே காட்டினார்.

"மேடம், சின்ன வயசுல எங்கப்பா தோலை உரிச்சுடுவேன்னுதான் மிரட்டுவாரு. எனக்கு இப்பவும் அந்தச் சொல்லைக் கேட்டா முதுகு சிலிர்க்குது. அடிபட்டு ரத்தத்தோட நிக்கறவன் கையில 'உரி'ன்னு எழுதிக் குடுக்கறதா? நல்லா இருக்கே!"

"அடிபட்டவன் கையில 'கிழி'ன்னு இவ்வளவு நாளா எழுதிக் குடுத்தீங்களே, அது இனிச்சுதா?" என்று கேட்டிருக்கிறார் அக்கா.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. "சொல்லை விடுங்க. இத்தனை பாடு எதுக்கு? ஒரு பிளாஸ்திரிகூடத் தொறக்க முடியாதவங்க எத்தனை பேரு இருக்கப் போறாங்க? எல்லாரும் பல்லால தொறந்து ஒட்டிக்கிட்டு நல்லாத்தானே இருக்காங்க. வாழைப்பழத்தை உரிச்சு வாயில வேற வெக்கணுமா? அப்படி யாரு இங்க முடியாம இருக்காங்க?"

இதற்கு அக்காவிடம் பதில் இருந்தது. நானூற்றுச் சொச்சம் பல் கணக்கு கைப்பையில்தான் இருந்தது. ஆனால் அவர் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் அந்தக் கணக்கில் எழுதாமல் விட்ட ஒரு பல் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தது. அக்கா தலை குனிந்து நோட்டைப் புரட்டுவதுபோலப் பாவனை செய்துகொண்டிருந்தார். அப்போது பூட்டு, தொடைக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். கை ஆடியது. மேஜைமேல் இருந்த பேனா அந்த ஆட்டத்தில் உருண்டு கீழே விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

"நான் இருக்கேன்" என்றார் பூட்டு. "எட்டு மாசமா. அந்த எட்டு மாசமா நான் மாட்டின துண்டையெல்லாம் தினம் ரெண்டாவது ஆளை வெச்சு இன்னொரு தடவை அளந்திருக்கேன், அளவு சரியா இருக்கு, நோட்டைப் பாத்துக்கலாம். ஆனா ஒரு பிளாஸ்திரியைப் பல்லு இல்லாம என்னால தொறக்க முடியல. உறையைப் பத்திப் பேசுங்க, சார். ஒட்டு நல்லா இருக்கு. நானே நாலு தடவை பாத்துட்டேன்."

இத்தனை நீளமாக அவர் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. மேலாளர் எழுந்து போய்ப் பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். நல்ல மனிதர்தான். 'உரிக்கவும்' என்ற சொல்லோடு மறு சோதனைக்கு அவரே முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

அன்று இருவரும் பேருந்தில் வரவில்லை, நடந்தே வந்தார்களாம். பாதி வழியில் பூட்டுதான், "எப்பத் தெரியும்?" என்று கேட்டிருக்கிறார்.

"குப்பைக் கூடை சொல்லிச்சு."

"நான் அதை நாலா மடிச்சுத்தானே போட்டேன்?"

"நாற்பதா மடிச்சாலும் பல்லு பல்லுதானே."

அவ்வளவுதான் பேச்சு. வழியில் ஒரு கடையில் ஆளுக்கொரு காபி குடித்ததாகவும், அவர் கோப்பையை வலது கையிலேயே பிடித்துக் குடித்ததாகவும், சட்டையில் கொஞ்சம் சிந்தியதாகவும் அக்கா சொன்னார். அந்தக் கறையைத் துவைக்கும்போது போகவிடவே மனசில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே, "சும்மா சொன்னேன், சோப்பு போட்டுத் தேய்ச்சுட்டேன்" என்றார்.

மறு சோதனையில் முப்பதுக்கு இரண்டு பல். அந்த இரண்டில் ஒருவர், பேனா மூடியிலிருந்து பூட்டுச் சாவி வரைக்கும் எல்லாவற்றையும் கடிக்கிற ஜென்மம் என்று அவர் மனைவியே சாட்சி சொன்னார். இன்னொருவரை அக்காவால் இன்னும் மறக்க முடியவில்லை. அவர் ஏன் கடித்தார் என்று அடிக்கடி யோசிக்கிறார். உறை தேறிவிட்டது. 'இங்கிருந்து உரிக்கவும்' என்று அச்சடித்துப் போன மாதம் முதல் கட்டு வெளியே வந்தது. பூட்டு இப்போது துண்டு மாட்டுவதில்லை. மாட்டுவதற்கு ஒரு பெண்ணை வைத்திருக்கிறார்கள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து அளவைப் பார்த்துத் தேறியது, தேறாதது என்று எழுதுகிறார். கை நடுங்கினாலும் 'தேறாது' என்று எழுத மட்டும் நடுங்குவதில்லை என்று தொழிற்சாலையில் பேசிக்கொள்கிறார்களாம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை இந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இந்த முறை ஒரு எழுத்து விடாமல் படித்துக்கொண்டிருந்தார். பட்ட சூடு அப்படி. குளியலறைக் கதவு திறந்திருந்தது. பூட்டு சவரம் செய்துகொண்டிருந்தார். திடீரென்று "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வந்தது.

அக்கா பாதி எழுந்துவிட்டார். எழுந்தவர் அப்படியே நின்று, மறுபடி உட்கார்ந்தார். கைகள் சும்மா இருக்காது என்று தெரிந்தோ என்னவோ, இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டார். குழாய் ஓடி நின்றது. அலமாரி திறந்து மூடியது. ஒரு கை பஞ்சை வைத்துத் தாடையை அழுத்திக்கொண்டிருக்கும், மிச்சம் இருப்பது அந்த ஆடுகிற கை ஒன்றுதான் என்று நானும் கணக்குப் போட்டுக்கொண்டேன். காகிதம் தொட்டித் திண்டில் உரசும் சத்தம் கேட்டது. ஒருமுறை நழுவி விழுந்தது, குனிந்து எடுத்தார். பிறகு மெல்லிய ஒரு சரசரப்பு, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

பூட்டு வெளியே வந்தார். தாடையில் பிளாஸ்திரி, கொஞ்சம் கோணலாக. விரல்களுக்கு நடுவே உறை, இரண்டு தாளும் முழுசாக விரிந்து, ஓரத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல். அதை மேஜைமேல், என் கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்தார். அக்கா உறையைப் பார்க்கவில்லை. பழக்க தோஷம், அவர் கண் நேரே வாய்க்குத்தான் போனது. பூட்டு அவர் எதிரே வந்து நின்று, உதடுகளை இரண்டு பக்கமும் நன்றாக இழுத்து, சந்து விழுந்த முன்பல்லிலிருந்து கடைவாய்வரை எல்லாப் பல்லையும் 'ஈ' என்று காட்டினார்.